அயர்லாந்து கிராமத்து அடுப்படி: விற்றது போக மிஞ்சியதுதான் சாப்பாடா?

தணல்

அயர்லாந்துச் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கு, கறுப்பு பீர் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். டப்ளினை விட்டுவிடுவோம். மேற்கிலும் வடமேற்கிலும் இருந்த சிறு விவசாயி வீட்டை எடுத்துக்கொள்வோம்: வைக்கோல் வேய்ந்த கூரை, தரைமட்டத்தில் திறந்த அடுப்பு, இரண்டு மூன்று பசு, ஒரு பன்றி, கொஞ்சம் கோழி. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டமே 1946இல்தான் தொடங்கியது. அதுவரை பல வீடுகளில் சமையல் முழுக்க டர்ஃப் தணலில்தான். டர்ஃப் என்பது சதுப்பு நிலத்தில் செங்கல் செங்கல்லாக வெட்டிக் காயவைத்த எரிபொருள். கொழுந்துவிட்டு எரியாது, நின்று கனலும். இரவில் சாம்பலால் மூடிவைத்தால் காலையில் கிளறி எடுத்துக்கொள்ளலாம்.

என் கட்சி இதுதான்: அந்த வீட்டில் எதைத் தின்றார்கள் என்று தெரியவேண்டுமானால் எதை விற்றார்கள் என்று பாருங்கள். வெண்ணெய் சந்தைக்கு, மோர் வீட்டுக்கு. ஓட்ஸும் கோதுமையும் குத்தகைக்கு, உருளைக்கிழங்கு வயிற்றுக்கு. முட்டை கடைக்காரருக்கு, பதிலுக்குத் தேயிலையும் சர்க்கரையும். பன்றிக்கு 'குத்தகை கட்டும் கனவான்' என்றே பட்டப்பெயர். மோர் ஊற்றிய ரொட்டி, தோலோடு வேகவைத்த கிழங்கு, பன்றிக்கால், ரத்தப் புட்டு எல்லாமே விற்ற பண்டத்தின் மிச்சம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

மத்துக்கயிறு

வெண்ணெய் விஷயத்தில் தணல் சொல்வது சரி. கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை 1770 முதல் 1924 வரை நடந்தது. சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து உப்புப் போட்ட வெண்ணெய் 56 பவுண்டு மரப்பீப்பாய்களில் வரும். தரம் பார்த்து, முத்திரை குத்திக் கப்பலேற்றுவார்கள். அந்த முத்திரையைப் பொறுத்துத்தான் விலை. அதனால் வெண்ணெய் கெடாமல் எடுப்பது ருசிக்காக அல்ல, காசுக்காக.

கடைவது நம் மத்து மாதிரி சுழற்றி அல்ல. உயரமான மரப்பீப்பாய், மூடியில் ஒரு துளை, அதற்குள் ஏறி இறங்கும் கோல், கோலின் அடியில் துளையிட்ட பலகை. குத்திக் குத்தி எடுக்கவேண்டும். பல நாள் ஏடு சேர்த்துப் புளிக்கவிட்டு, பீப்பாயில் பாதிக்குமேல் ஊற்றாமல் (நுரைத்து ஏற இடம் வேண்டுமே) ஆரம்பிப்பார்கள். ஏட்டின் சூடு 15 டிகிரியை ஒட்டி இருந்தால் அரைமணிக்குள் திரளும். அதற்குமேல் சூடானால் வெண்ணெய் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக வரும், பாதிக் கொழுப்பு மோரோடு போய்விடும். சில்லிட்டிருந்தால் மணிக்கணக்கில் நுரை மட்டும்தான். திரளும் நேரத்தை ஒலியில் பிடிப்பார்கள். சளக் சளக் என்ற ஓசை மாறித் 'தொப்'பென்று கனமாகும், மேலே வரும் கோலில் ஏடு ஒட்டாமல் துடைத்த மாதிரி இருக்கும். பருக்கை பருக்கையாகத் திரண்டதுமே நிறுத்திவிட வேண்டும். பந்தாக உருளும்வரை குத்தினால் மோர் உள்ளே சிக்கிக்கொள்ளும், நாலாம் நாள் காறும். பிறகு குளிர்ந்த தண்ணீரில், கழுவிய நீர் தெளியும்வரை கழுவி, கோடு வெட்டிய இரண்டு மரத்தட்டைகளால் அழுத்தி நீரை வடித்து உப்பு.

கடையும்போது யார் வீட்டுக்குள் வந்தாலும் கோலைப் பிடித்து நாலு குத்து குத்திவிட்டுத்தான் உட்காரவேண்டும். குத்தாமல் போனால் வெண்ணெயின் 'பேறு' அவரோடு போய்விடும் என்று நம்பிக்கை. அடுப்பிலிருந்து ஒரு தணல் துண்டைக்கூட அந்நேரம் வெளியே தரமாட்டார்கள். மே முதல் தேதி இந்தப் பயம் இரட்டிப்பு. வெண்ணெய் திரளாததற்குப் பல சமயம் சூடுதான் காரணம், அல்லது சரியாகக் கழுவாத பீப்பாயில் தங்கிய கெட்ட கிருமி. ஆனால் பழி பக்கத்து வீட்டுக் கிழவிமேல் விழும்.

கொழும்புத்துறையான்

தணல் அண்ணை, மோர் ஊத்திச் செய்யிற சோடாப் பாணைப் பற்றி ஒரு கேள்வி. கன பேர் செய்து பார்த்துப் போட்டு ஒரே குறைதான் சொல்லினம்: வெட்டினா உள்ளுக்கு மஞ்சள் புள்ளி, வாயில வைச்சா சவுக்காரம் மாதிரி ஒரு ருசி. அப்பச்சோடா கூடிப்போறதாலயோ? இன்னொண்டு, ஈஸ்ட் போடாமல் சோடாவுக்கு ஏன் போனவை?

தணல்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அயர்லாந்தின் ஈரத்துக்கும் குளிருக்கும் விளைவது மென் கோதுமை. பசையம் குறைவு. ஈஸ்ட் ரொட்டியை இழுத்துப் பிடிக்க அதில் வலு போதாது. சோடா 1830கள், 40களில் கடைகளுக்கு வந்தது. வீட்டில் புளித்த மோர் ஏற்கனவே குடம் குடமாக இருந்தது. சோடாவும் மோரின் அமிலமும் சேர்ந்தால் உடனே வாயு. பிசைய வேண்டாம், பொங்கக் காத்திருக்க வேண்டாம், மூடிய அடுப்பும் வேண்டாம். இந்த மூன்று 'வேண்டாம்' சேர்ந்துதான் அது வீட்டு ரொட்டி ஆயிற்று.

அளவு: மாவு 450 கிராம், உப்பு 1 தேக்கரண்டி, சோடா தலைதட்டி 1 தேக்கரண்டி, மோர் 350 முதல் 400 மி.லி. சோடாவைக் கோபுரமாக அள்ளினால் நீங்கள் சொன்ன சவுக்கார ருசிதான். அமிலம் தீர்ந்தபின் மிஞ்சும் சோடா காரமாகவே நின்றுவிடுகிறது. புள்ளிக்குக் காரணம் வேறு. அது கட்டி. அளவு சரியாக இருந்தாலும் சோடா கட்டியாகக் கிடந்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகும். உள்ளங்கையில் சோடாவைக் கொட்டி மறுகை விரலால் நசுக்கித் தேய்த்து, பிறகு மாவோடு சலித்தால் புள்ளி வராது.

கலப்பதுதான் பலருக்குத் தவறுகிறது. மாவில் குழி பறித்து, மோரில் முக்கால் பங்கை ஒரே தடவையில் ஊற்றி, விரல்களை நகம்போல் விரித்து நடுவிலிருந்து வெளிவட்டமாக நாலைந்து சுற்று. அவ்வளவே. சப்பாத்தி மாவு பதத்துக்குப் போகக் கூடாது. கையில் ஒட்டும் அளவு தளர இருக்கவேண்டும். பிசைந்தால் ரொட்டி கல். கலந்தபின் போனை எடுக்கப் போனாலும் தோல்விதான், வாயு மோர் பட்ட கணமே கிளம்பிவிடுகிறது. மாவு தூவிய பலகையில் கொட்டி, 4 சென்டிமீட்டர் உயர வட்டமாகத் தட்டி, கத்தியால் ஆழமாகச் சிலுவை கீறி, 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200இல் 25 முதல் 30 நிமிடம். அடியைத் தட்டினால் காலிப் பெட்டி மாதிரி ஒலிக்கவேண்டும். மேலோடு மெத்தென்று வேண்டுமானால் சூட்டோடு துணியில் சுற்றுங்கள்.

மோருக்கு ஒரு எச்சரிக்கை. நாம் தாளித்துக் குடிக்கும் நீர்மோர் உதவாது. அமிலம் போதாது. நன்றாகப் புளித்த தயிர் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கடைந்து எடுத்தால் கிட்டத்தட்ட அந்தப் பதம். மாவு மைதாவாக இருக்கட்டும். சப்பாத்திக் கோதுமை மாவு அதிகம் நீர் குடிக்கும், அதே அளவு மோரில் வறண்டுபோகும்.

கொழும்புத்துறையான்

விளங்கினது அண்ணை. திறந்த அடுப்பு எண்டால் மேல்பக்கம் எப்பிடி வேகும்?

தணல்

பாஸ்டிபிள் என்று ஒரு வார்ப்பிரும்புச் சட்டி. அடி தட்டை, மூன்று குட்டைக் கால், மூடியும் தட்டை. தணல் உருண்டு விழாமலிருக்க மூடியின் விளிம்பு கொஞ்சம் தூக்கியிருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சுழலும் இரும்புக் கை ஒன்று உண்டு. அதில் மாட்டித் தொங்கவிட்டோ, தணலை ஒதுக்கிய தரையில் வைத்தோ சுடுவார்கள். முதலில் சட்டியைக் காயவைத்து ஒரு சிட்டிகை மாவு தூவிப் பார்ப்பார்கள். மெல்லப் பழுப்பானால் சரி, உடனே கருகினால் சூடு அதிகம். ரொட்டியை இறக்கி மூடி, மூடிமேல் இடுக்கியால் தணல் அடுக்குவார்கள். மேலே நிறைய, கீழே கொஞ்சம். கீழே கூட்டினால் அடி தீயும், நடு பச்சையாகவே இருக்கும். மூடியைத் தூக்கும்போது சாய்க்காமல் மட்டமாகத் தூக்கவேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் சாம்பல் ரொட்டிமேல்.

வடக்கே அல்ஸ்டரில் சட்டியைவிடத் தோசைக்கல் மாதிரியான தட்டைக்கல் வழக்கம். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வட்டம் தட்டி நாலாக வெட்டி, நிதானமான சூட்டில் பக்கத்துக்கு 7, 8 நிமிடம். பிறகு ஒவ்வொரு துண்டையும் ஓரத்தில் நிறுத்தி வெட்டுமுகத்தையும் காட்டுவார்கள். ஃபார்ல் என்று பெயர், நாலில் ஒரு பங்கு என்று பொருள்.

அரைப்படி

சிலுவைக் கீறல் தேவதைகள் வெளியேறத்தானே? எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

மத்துக்கயிறு

சொல்வது அப்படி. ஆசீர்வாதம் என்றும் சொல்வார்கள். கீறாமல் ஒருதடவை சுட்டுப் பாருங்கள், விளிம்பு வெந்து நடு களியாக நிற்கும், மேலோடு கண்ட இடத்தில் வெடிக்கும். தேவதை வெளியேறுகிறதோ இல்லையோ, ஆவி வெளியேறுகிறது.

பெட்டகம்72

தணல், உங்கள் கட்சி பெரும்பாலும் சரி. ஆனால் காலத்தைச் சேர்த்துக் குழப்புகிறீர்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன், பின் என்று இரண்டாக வெட்டவேண்டும்.

அதற்கும் வெகு முன்னால், இடைக்காலத்தில், கோடைச் சாப்பாடு பால், தயிர், பாலாடைக்கட்டி, வெண்ணெய்தான். 'வெள்ளை உணவு' என்று பெயர். குளிர்காலத்துக்கு ஓட்ஸும் உப்பிட்ட இறைச்சியும். உருளைக்கிழங்கு வந்து வேரூன்றியபின், 1840கள் வாக்கில், நிலமில்லாக் கூலியாள் ஒருவர் நாளொன்றுக்கு 5, 6 கிலோ கிழங்கு தின்றார். மிகையல்ல. மூன்று வேளையும் அதுவே. கூட மோர். சலிப்பான உணவுதான், சத்தில் குறையில்லை. கிழங்கில் வைட்டமின் சி, மோரில் புரதமும் சுண்ணாம்பும்.

1845இல் கருகல் நோய் வந்தது. ஏழைகள் நட்டதில் பெரும்பகுதி லம்பர் என்ற ஒரே ரகம். மோசமான மண்ணிலும் குவியலாக விளையும், நோய்க்குத் தாங்காது. 1852 வரை சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்குமேலும் பலர் கப்பலேறினார்கள். பிரதமர் ராபர்ட் பீல் அமெரிக்க மக்காச்சோளத்தை ரகசியமாக வாங்கி இறக்கினார். அந்தச் சோளம் கல்மாதிரி, ஒருதடவை அரைத்தால் போதாது. அதை எப்படி வேகவைப்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை. அரைவேக்காட்டில் தின்று வயிறு கெட்டது, 'பீலின் கந்தகம்' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் அதே மஞ்சள் மாவுக் கஞ்சி பல பத்தாண்டுகள் ஏழை வீட்டில் தங்கிவிட்டது. இது விற்றது போக மிஞ்சியதல்ல, காசு கொடுத்து வாங்கியது. உங்கள் கணக்கில் இதை எங்கே வைப்பீர்கள்?

தணல்

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். கிழங்கு செத்த வருடங்களில் என் கணக்கு நிற்காது. ஆனால் அதே வருடங்களில் ஓட்ஸும் வெண்ணெயும் துறைமுகம் வழியே போய்க்கொண்டுதான் இருந்தன, அதை மறக்கவேண்டாம்.

உருளைச்சாமி

என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

ஐரிஷ்காரர்களுக்கு நல்ல கிழங்கு என்றால் மாவுக்கிழங்கு. வெந்ததும் தோல் வெடித்து, உள்ளே மாவு பூத்துச் சிரிக்கவேண்டும். கெர்ஸ் பிங்க், கோல்டன் ஒண்டர், ஜூலையில் வரும் குவீன்ஸ் எல்லாம் அந்த ஜாதி. இன்றைக்குக் கடையில் அதிகம் கிடைக்கும் ரூஸ்டர் அவர்கள் நாட்டிலேயே உருவாக்கியது. வழுவழுக் கிழங்கை 'சோப்பு' என்று ஒதுக்குவார்கள்.

மாவுக்கிழங்கின் சங்கடம், தண்ணீரில் முழுக்க வேகவிட்டால் கரைந்து கூழாகிவிடும். முறை இது. ஒரே அளவுக் கிழங்காகப் பொறுக்கித் தோலோடு தேய்த்துக் கழுவி, பச்சைத்தண்ணீரில் போட்டு உப்பிட்டு ஏற்றவேண்டும். கொதி வந்து 10, 15 நிமிடத்தில் தோல் விரிசல் காட்டும். அப்போதே தண்ணீரில் பெரும்பங்கை வடித்து, அடியில் இரண்டு விரல்கடை மட்டும் விட்டு, மூடி, சிறு தீயில் ஆவியில் முடிக்கவேண்டும். வெந்தபின் மிச்ச நீரையும் வடித்து, மூடிக்குப் பதில் துணி போட்டு ஐந்து நிமிடம். மூடி போட்டால் ஆவி நீராகிச் சொட்டி மேல்கிழங்கு நசநசக்கும்.

பழைய வீட்டில் மூன்றுகால் இரும்புப்பானை. வெந்ததும் வாசலுக்கு எடுத்துப் போய், ஸ்கீஹோக் என்ற ஆழமில்லாத பிரம்புத்தட்டில் கவிழ்ப்பார்கள். நீர் இறங்கியதும் தட்டை அந்தப் பானை வாய்மேலேயே வைத்தால் அதுதான் மேசை. சுற்றிலும் முக்காலி, நடுவில் உப்பு, ஆளுக்கொரு கோப்பை மோர். கட்டைவிரல் நகத்தால் தோலுரித்துக்கொள்வார்கள், சிலர் அதற்கென்றே நகம் வளர்த்ததாகக் குறிப்பு உண்டு. தோலும் மிச்சமும் பன்றிக்கும் கோழிக்கும். மேசையும் தட்டும் வந்தபின்கூடக் கிழங்கு தோலோடுதான் வரும், ஒவ்வொருவர் பக்கத்திலும் தோலுக்கு ஒரு சின்னத்தட்டு.

இன்னொரு நுட்பம். கூலியாட்கள் சிலசமயம் கிழங்கை வேண்டுமென்றே முழுக்க வேகவிடமாட்டார்கள். நடுவில் கெட்டியான வெள்ளை வட்டம் நிற்கும், அதற்கு 'நிலா' என்று பெயர். செரிக்க நேரமெடுக்கும், பசி தள்ளிப்போகும்.

அரைப்படி

கார்ன்ட் பீஃப் (உப்பிட்ட மாட்டிறைச்சி), முட்டைக்கோஸ் பற்றி யாரும் பேசவில்லையே? பேட்ரிக் திருநாளன்று அதுதானே தேசிய உணவு?

பெட்டகம்72

நியூயார்க்கின் தேசிய உணவு. கார்க் துறைமுகம் உப்பிட்ட மாட்டிறைச்சியைக் கப்பல் கப்பலாக அனுப்பியது உண்மை. 1660களில் இங்கிலாந்து உயிர்மாட்டு இறக்குமதிக்குத் தடைபோட்டதும், அடித்து உப்பிட்டு விற்பது அந்த ஊரின் பெருந்தொழிலாயிற்று. சிறு விவசாயி அதைத் தின்னவில்லை. பசு பாலுக்கு. அமெரிக்கா போனவர்களுக்கு ஊர்ப் பன்றியிறைச்சியைவிட யூதக் கசாப்புக்கடை மாட்டு மார்க்கண்டம் மலிவாகக் கிடைத்தது, அங்கே மாறியது. ஊரில் இன்றும் உப்பிட்ட பன்றிதான். தணலின் கட்சிக்கு நானே சாட்சி சொல்கிறேன் பாருங்கள்.

தணல்

நன்றி ஐயா. அந்தப் பன்றியைப் பற்றி.

வீட்டுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ள வசதி வந்தபின், அடிப்பது ஆங்கில மாதப் பெயரில் 'ஆர்' வரும் மாதங்களில் மட்டும், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை. மற்ற மாதத்தில் ஈ, புழுக்கம். வளர்பிறையில் அடிக்கவேண்டும், தேய்பிறையில் அடித்தால் இறைச்சி சட்டியில் சுருங்கும் என்பார்கள். இரவு முழுக்கத் தொங்கவிட்டு, முழுசாகக் குளிர்ந்தபின்தான் உப்பு. உள்ளே சூடு இருக்கும்போது உப்பிட்டால் எலும்பை ஒட்டிய இடம் அழுகும். வெளியே பார்க்கத் தெரியாது, வெட்டும்போதுதான் நாறும். அதனால் தொடை எலும்பு மூட்டில் உப்பை விரலால் திணிப்பார்கள். தேய்த்து அடுக்கி மரப்பீப்பாயில் சுமார் மூன்று வாரம். உப்புநீரில் போடுவதானால் பதம் பார்க்க ஒரு முட்டை, மிதந்தால் போதும். பிறகு உத்தரத்தில், அடுப்புப் புகை படும் இடத்தில் கொக்கி.

உப்பேறாத மென்துண்டுகள் நிற்காது. அன்றே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், ரத்தப் புட்டும் சேர்த்து. அடுத்த மாதம் அவர்கள் அடிக்கும்போது இங்கே வரும். குளிர்பெட்டி இல்லாத ஊரில் அக்கம்பக்கம்தான் குளிர்பெட்டி. ரத்தப் புட்டுக்குப் பன்றி ரத்தத்தில் உடனே உப்புப் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும், நிறுத்தினால் உறையும். ஓட்ஸ் நொய், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்துக் கழுவிய குடலில் முக்கால்பாகம் மட்டும் நிரப்பி, கொதிக்கவிடாமல் மெல்ல வேகவைப்பது. நிரம்பத் திணித்தாலும் கொதித்தாலும் குடல் வெடிக்கும்.

சமைக்க: ஒன்றரைக் கிலோ உப்புக்கண்டத்தை இரவு முழுக்க ஊறவைத்து, புதுத்தண்ணீரில் ஏற்றி, வெள்ளை நுரை கட்டினால் அந்த நீரைக் கொட்டி மறுபடி புதுநீர். 450 கிராமுக்கு 20 நிமிடம், மேலே ஒரு 20 நிமிடம், தண்ணீர் இலேசாகச் சிணுங்கும் சூட்டில். கடைசி 15, 20 நிமிடத்துக்கு முட்டைக்கோஸை அதே நீரில் போடவேண்டும். இதை விட்டுத் தனிநீரில் வேகவைத்தால் அது வேறு பண்டம். முட்டைக்கோஸுக்கு உப்பே போடவேண்டாம். கூடவே பார்ஸ்லி போட்ட வெள்ளைச் சாறு: வெண்ணெய் 30 கிராம், மாவு 30 கிராம், பால் 300 மி.லி., இறைச்சி வெந்த நீர் 150 மி.லி. ருசி பார்க்காமல் இதிலும் உப்பு போடாதீர்கள்.

மத்துக்கயிறு

வேளை பற்றியும் சொல்லவேண்டும். பெரிய சாப்பாடு நடுப்பகலில், அதுதான் 'டின்னர்'. மாலை ஆறு மணிக்கு 'டீ', அதாவது தேநீரோடு ரொட்டி, வெண்ணெய், வசதியிருந்தால் முட்டை. பகல் 12க்கும் மாலை 6க்கும் கோயில் மணி அடிக்கும், வயலில் இருப்பவருக்கு அதுவே கடிகாரம். வைக்கோல் வயலுக்குத் தேநீர் போகும்போது கண்ணாடிப் புட்டியில் ஊற்றிப் பழைய கம்பளிக் காலுறைக்குள் நுழைத்துக் கொடுத்துவிடுவார்கள். சூடு நிற்கும்.

தேநீர் கறுத்துக் கனமாக இருக்கவேண்டும். எலி அதன்மேல் நடந்துபோகலாம் என்பது பாராட்டு. விருந்தாளி தேநீர் வேண்டுமா என்ற கேள்விக்கு முதல்தடவையே 'சரி' என்றால் அலைந்தவர் மாதிரி. வேண்டாம் என்று இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை 'சரி, ஒரு வாய்' என்பதுதான் மரியாதை. வீட்டுக்காரி இரண்டாவது மறுப்போடு விட்டுவிட்டால் ஊரில் அவர் பெயர் கெட்டது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பெட்டகம்72

தணலின் கட்சிக்கு நிஜமான மறுப்பு இனிமேல்தான். பண்டிகையும் விரதமும். மிச்சத்தைத் தின்ற அதே வீடு சில நாட்களில் விற்கவேண்டியதையே தின்றது.

நவம்பர் 10, புனித மார்ட்டின் நாளுக்கு முந்தைய இரவு. ஒரு சேவலோ வாத்தோ அறுத்தே ஆகவேண்டும். ரத்தத்தை வாசற்படியிலும் வீட்டின் நாலு மூலையிலும் தெளிப்பார்கள். செப்டம்பர் 29 மைக்கேல் திருநாளுக்கு வாத்து. சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய் முட்டையும் பாலும் தீர அப்பம், ஏனென்றால் தவக்காலத்தில் அந்த இரண்டுக்கும் ஒருகாலத்தில் தடை. சாம்பல் புதன், புனித வெள்ளி இரண்டும் 'கறுப்பு விரதம்', தேநீரில்கூடப் பால் கிடையாது. ஈஸ்டரன்று சேர்த்துவைத்த முட்டையை ஆளுக்கு நாலு, ஐந்து என்று போட்டி போட்டுத் தின்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவும் விரதம்தான். உப்பிட்ட லிங் மீன். பலகைமாதிரி காய்ந்து தொங்கும். 24 மணிநேரமாவது ஊறவேண்டும், நடுவில் இரண்டு மூன்று தடவை நீர் மாற்றி. பிறகு வெங்காயம் போட்டுப் பாலில் மெல்ல வேகவைத்து வெள்ளைச் சாறோடும் கிழங்கோடும். துள்ளக் கொதித்தால் நார்நாராகிவிடும். ஜனவரி 6 'பெண்களின் கிறிஸ்துமஸ்'. அன்றைக்கு இறைச்சியும் சாராயமும் இல்லை, தேநீர், கேக், திராட்சை ரொட்டி. மேற்கிலும் தெற்கிலும் அன்று வீட்டுவேலை ஆண்கள் தலையில்.

அக்டோபர் 31 இரவு இறைச்சி கூடாது, ஆனால் பண்டிகை. அதனால்தான் உருளைக்கிழங்கு அன்று ராஜா. கால்கேனன்: மாவுக்கிழங்கு ஒரு கிலோ, கேல் கீரை கால் கிலோ, பால் 200 மி.லி.யில் வெங்காயத்தாள் வேகவைத்து அந்தப் பாலோடு சுடச்சுட மசிப்பது. ஆறிய பாலை ஊற்றினால் பசை. நடுவில் குழி பறித்து வெண்ணெய், விளிம்பிலிருந்து எடுத்து வெண்ணெயில் தோய்த்து உள்நோக்கித் தின்னவேண்டும். குழியை முதலிலேயே உடைப்பவரை யாருக்கும் பிடிக்காது. மோதிரம் ஒளித்துவைப்பதும் உண்டு, கிடைத்தவருக்கு அடுத்து கல்யாணம். இங்கே வெண்ணெய் சந்தைக்குப் போகவில்லை, தணல்.

தணல்

அன்றைக்கு மட்டும் போகவில்லை என்பதால்தானே அது பண்டிகை? என் கட்சி அதில் உடையவில்லை. ஜூலையைப் பாருங்கள். பழைய கிழங்கு தீர்ந்து புதுக்கிழங்கு முற்றாத மாதம். 'முட்டைக்கோஸ் ஜூலை', 'பசி ஜூலை' என்றே பெயர். ஜூலைக் கடைசி ஞாயிறுதான் முதல் கிழங்கு தோண்டும் நாள். அதற்கு முன் தோண்டினால் குடும்பம் நடத்தத் தெரியாதவன் என்று பேச்சு.

பெட்டகம்72

அதை மறுக்கவில்லை. கிராமப் பள்ளிப் பிள்ளைகள் 1937 முதல் 1939 வரை முதியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பிய குறிப்புகளில் ரொட்டி, வெண்ணெய் கடைதல், பழைய உணவு எல்லாம் தனித் தலைப்பாகவே இருக்கின்றன. நாட்டார் வழக்காற்று ஆணையம் தொகுத்தது. இணையத்தில் திறந்தே கிடக்கிறது. அதைப் புரட்டினால் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவது தெரியும். நம் இரண்டு பேர் கட்சிக்கும் அதில் சாட்சி உண்டு.

கொழும்புத்துறையான்

பொக்ஸ்டி எண்டு ஒண்டு இருக்காம், பச்சைக் கிழங்கைத் துருவிச் செய்யிறது. அவிச்சுச் செய்யேக்க தண்ணியில கரைஞ்சு போகுது எண்டு சொல்லினம். ஆரும் சரியான முறை சொல்லுவீங்களோ?

உருளைச்சாமி

லைட்ரிம், கேவன், ஃபெர்மனா, ஸ்லைகோ பக்கத்துப் பண்டம். மூன்று வகை: கல்லில் வார்ப்பது, தட்டில் சுடுவது, உருண்டையாக வேகவைப்பது. நீங்கள் கேட்டது மூன்றாவது, அதில்தான் தவறு அதிகம் நடக்கும்.

பச்சைக்கிழங்கு அரைக்கிலோ, வேகவைத்து மசித்தது அரைக்கிலோ, மைதா 150 முதல் 200 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி. முன்னெல்லாம் தகர டப்பாவை வெட்டி விரித்து ஆணியால் துளை குத்தித் துருவல் செய்துகொள்வார்கள். துருவியதைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழியவேண்டும், சொட்டு வராத வரை. பிழிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாச்சத்து படியும். மேல்நீரை இறுத்துவிட்டு அந்த வண்டலைச் சுரண்டித் துருவலோடு சேர்க்கவேண்டும். கரைந்து போவதற்கு முக்காலே மூணுவீசம் காரணம் சரியாகப் பிழியாததும் இந்த வண்டலை விட்டதும்தான். அதற்குப் பயந்து மைதாவைக் கூட்டினால் ரப்பர். துருவல் காற்றில் கறுக்கும், அதனால் மசியலை முன்பே தயாராக வைத்துக்கொண்டு துருவுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து நாலு உருண்டை, கொஞ்சம் தட்டையாக, மேலே மாவு தூவி. பெரிய பானையில் உப்புத்தண்ணீர் கொதித்ததும் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உருண்டை அடியில் ஒட்டிப் பிய்யும். ஒவ்வொன்றாக இறக்கித் தீயைக் குறைத்து 45 நிமிடம் முதல் ஒரு மணிநேரம். துள்ளிக் கொதித்தால் மேல்தோல் உரியும். எடுத்தவுடன் வெட்டக் கூடாது, உள்ளே இன்னும் களிதான். மறுநாள் வரை ஆறவிட்டு ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக அரிந்து, வெண்ணெயிலோ பன்றிக்கொழுப்பிலோ இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாக வறுங்கள். வெந்த துண்டு கொஞ்சம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்.